கொசுறுக்கு ரசீது இல்லை

போன குளிர்காலத்தில் ஒரு காரியம் செய்தேன். மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் நேர்வழியை விட்டுவிட்டு, பூங்காவைச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தேன். நடைப்பயிற்சிக்காக என்று மனைவியிடம் சொன்னேன். உண்மை வேறு. நேர்வழியில், எங்கள் சொசைட்டியின் முன்வாசலில், ஒரு காய்கறி வண்டி நிற்கிறது. அந்த வண்டிக்காரர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக நுழையத்தான் இந்த அரை கிலோமீட்டர் சுற்று. அவருக்கு நான் ஒரு பைசாகூடப் பாக்கி இல்லை. பிறகு எதற்கு ஒளிய வேண்டும்?

தில்லிக்கு நான் வந்தது 2006-ல். கிழக்கு தில்லியில், மயூர் விஹாரில் வீடு. கையில் தமிழ் எம்.ஏ. பட்டம், வாயில் அரைகுறை இந்தி. மொழிபெயர்ப்பதற்கென்று தலைநகருக்கு வந்தவன், பீர்க்கங்காய் கேட்கத் தெரியாமல் நின்றேன். விரலால் காட்டினேன். "தோரி" என்றார் வண்டிக்காரர். "தோரி" என்று திருப்பிச் சொன்னேன். மறுநாள் சுரைக்காய்: லௌகி. அடுத்த நாள் சேப்பங்கிழங்கு: அர்பி. கால் கிலோவை இங்கே "பாவ்" என்பார்கள். சேர் கணக்கு ஒழிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அதன் கால் பங்கின் பெயர் மட்டும் இன்னும் தராசை விட்டு இறங்கவில்லை. குளிர்காலத்தில் பத்துவா என்று ஒரு கீரை வரும். அதுதான் நம் சக்கரவர்த்திக் கீரை என்பது நிகண்டெல்லாம் படித்த எனக்குத் தெரிய மூன்று குளிர்காலம் ஆயிற்று. டிண்டாவுக்கு மட்டும் தமிழ் கிடைக்கவே இல்லை. அதை டிண்டா என்றே சாப்பிடுகிறேன்.

அவர் உத்தரப் பிரதேசத்தின் எட்டா மாவட்டத்துக்காரர். விடிவதற்கு முன்பே காஜிப்பூர் மண்டிக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். நான் அவரை "பையா" என்பேன். அவர் என்னை "சார்ஜி" என்பார். எல்லாம் எடை போட்டு முடிந்த பிறகு, கேட்காமலே ஒரு பிடி கொத்தமல்லியும் நாலு பச்சை மிளகாயும் பைக்குள் விழும். நம் ஊரில் இதற்குக் கொசுறு என்று பெயர். இந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டு போகும்போதெல்லாம் நான் தோற்றிருக்கிறேன். இலவசம் என்று எழுதினால் தப்பு. இலவசம் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். கொசுறு, இந்த ஆள் நாளையும் வருவான் என்ற நம்பிக்கையில் போடப்படுவது.

மதியச் சாப்பாட்டிலும் இப்படி ஒருவர் வாய்த்திருந்தார். கன்னாட் பிளேஸை ஒட்டிய சங்கர் மார்க்கெட் பக்கம் நின்றுகொண்டே ராஜ்மா சாவல் சாப்பிடுவேன். மதராசி என்றால் சோறு என்பது அந்தக் கடைக்காரரின் முடிவு. என் தலையைக் கண்டதும் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் விழும். ஒருநாள் ஆசைப்பட்டு ரொட்டி கேட்டேன். "வயிறு சரியில்லையா?" என்று கவலையாக விசாரித்தார். கரண்டியைப் பிடித்திருப்பவர் நம்மைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதை மாற்றுவது சுலபமல்ல. அவ்வப்போது எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால், கோடிக்கும் மேல் ஜனங்கள் இருக்கும் ஊரில் என் சாப்பாட்டு அளவைத் தெரிந்த ஒருவர் இருந்தார்.

2016 நவம்பர் 8 இரவு ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போயின. மறுநாள் காலை என்னிடம் இருந்தவை இரண்டு ஐநூறு ரூபாய்த் தாள்கள். வண்டிக்காரர் அவற்றைப் பார்த்துச் சிரித்தார். "காசு எங்கே போகப்போகிறது, காயை எடுத்துப் போங்கள்" என்றார். மூன்று வாரக் கணக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டில், அவர் கையெழுத்தில் இருந்தது. நான் சரிபார்க்கவில்லை.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, பூட்டிய வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் தினமும் வந்து நின்றார். முகத்தில் துண்டு கட்டியிருந்தது. கம்பிச் சந்தில் பை நீட்டினோம். அப்போதும் பையில் கொத்தமல்லி இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் நடந்து வந்த தெருக்களில் அன்று ஆள் நடமாட்டமே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அவரைக் கைவிட்டேன். அதற்கு ஒரு நாள், தேதி கிடையாது. 2021-க்குப் பிறகு நிமிடக் கணக்கில் வீடு தேடி வரும் மளிகைக் கடை கைபேசிக்குள் புகுந்தது. முதலில் ராத்திரி ஒன்பது மணிக்கு அரை லிட்டர் பால். பிறகு, மழை நாளில் தக்காளி. பிறகு மழை இல்லாத நாளிலும் தக்காளி. வசதியைக் குறை சொல்ல மாட்டேன். இருவரும் வேலைக்குப் போகும் வீடு. பேரம் பேச வேண்டாம், அழுகல் வந்தால் பணம் திரும்பி வருகிறது. ஆனால் இத்தனை நாளில் எத்தனை இளைஞர்கள் என் வாசலில் பையை வைத்துவிட்டு ஓடியிருப்பார்கள்? ஒருவர் முகமும் நினைவில் இல்லை. நிற்க அவர்களுக்கு நேரமில்லை. நிறுத்திப் பேச எனக்குத் தோன்றவில்லை.

சமீபத்தில் ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கும்போது பேனா நின்றது. தினசரிச் செயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று, தெரிந்த மனிதரைக் குறிக்கும் சொல் இன்னொன்று. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தன. தமிழில் இரண்டையும் பழக்கம் என்றுதான் எழுத வந்தது. காபி குடிப்பது பழக்கம். "அவரை எனக்குப் பழக்கம்" என்றால் அது உறவு. வாடிக்கையும் அப்படித்தான், தினமும் செய்வது வாடிக்கை, தினமும் வருபவர் வாடிக்கைக்காரர். மொழிபெயர்ப்பாளனுக்கு இது தொந்தரவு. ஆனால் எனக்கு நடந்தது அதுதான். காய் வாங்கும் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஒரு மனிதரின் பழக்கம் போய்விட்டது.

தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-ல் மத்திய அரசு சட்டம் போட்டது. ஒரு பகுதி மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும் என்கிறது அது. மாநகராட்சி வண்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க அது உதவலாம். பூங்காவைச் சுற்றிக்கொண்டு போகும் வாடிக்கைக்காரனை எந்தச் சட்டம் தடுக்கும்?

ஜனவரியில் ஒரு மாலை, பனிமூட்டத்தில் பூங்காப் பக்கமே அவர் வண்டி தள்ளி வந்தார். திரும்ப வழியில்லை. "சார்ஜி, ரொம்ப நாளாயிற்று! வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். "ஊருக்குப் போயிருந்தேன்" என்று பொய் சொன்னேன்.

"அப்படியா, அம்மாஜி சௌக்கியமா?"

என் அம்மா ஒன்றுவிட்டு ஒரு வருஷம் தில்லி வருவாள். அவளுக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மா தமிழிலும் அவர் இந்தியிலும் பேரம் பேசுவார்கள், விலை படியும். சேப்பங்கிழங்கைக் குவியலில் கைவிட்டு, கோலிக்குண்டு அளவில் ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். மற்றவர்களைத் தடுக்கும் அவர், அம்மாவுக்கு மட்டும் கோணியையே கவிழ்த்துக் கொட்டுவார்.

அம்மா 2023-ல் போய்விட்டாள். தில்லியில் அவளை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தகவல் சொல்லிவிட்டதாக நினைத்திருந்தேன். எல்லோருக்கும் சொல்லவில்லை.

சொன்னேன். அவர் வண்டியின் கைப்பிடியை விட்டார். தலையில் சுற்றியிருந்த மஃப்ளரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியாதே" என்றார். அவ்வளவுதான். அன்று நான் எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அது இன்னொரு பொய்யாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேர்வழியில் போனேன். திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அந்த மளிகைக் கடை இன்னும் கைபேசியில் இருக்கிறது, ராத்திரிப் பால் அதில்தான் வருகிறது. காய்கறி மட்டும் மறுபடி வண்டியில். என்னைக் கண்டதும் அவர் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே சேப்பங்கிழங்கு, எல்லாம் கோலிக்குண்டு அளவு. "அம்மாஜி பொறுக்குகிற மாதிரி" என்றார்.

மொத்தம் 85 ரூபாய். இப்போது அவரிடமும் கைபேசியில் பணம் செலுத்தும் அட்டை தொங்குகிறது, பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி. 85 ரூபாய் வந்து சேர்ந்ததாக அது இந்தியில் உரக்க அறிவித்தது. அது சொல்லி முடிப்பதற்குள் கொத்தமல்லியும் நாலு பச்சை மிளகாயும் பைக்குள் விழுந்துவிட்டன. அதைப் பற்றிப் பெட்டி ஒன்றும் சொல்லவில்லை.