உப்புப் பூத்த பூச்சாடி

அனந்தபுரத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவன் அமெரிக்கப் பூச்சாடி ஒன்றுக்கு 4,500 ரூபாய் கொடுத்தான் என்றால் பக்கத்தில் இருக்கிற செஞ்சியில்கூட நம்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரிக்கு அது இன்றுவரை "அந்த பிரவுன் சொம்பு"தான். விலையை அவளிடம் சொன்னபோது ஒரு பூஜ்யத்தைக் குறைத்துச் சொன்னேன். இந்தக் கட்டுரை அச்சானால் அதுவும் வெளியே வந்துவிடும்.

இந்தப் பைத்தியம் எனக்கு ஊறுகாய் ஜாடியில் ஆரம்பித்தது. மருந்து எடுக்க விழுப்புரம், திண்டிவனம், பாண்டிச்சேரி என்று அலைகிற பிழைப்பு. வழியில் காயலான் கடை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தாமல் இருக்க முடியாது. பித்தளை அண்டாவுக்கும் பர்மா தேக்குக்கும் அடித்துக்கொள்கிறவர்கள், மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக மூலையில் கிடக்கும் ஜாடியைச் சீண்ட மாட்டார்கள். 200, 300 ரூபாய்க்குக் கொடுத்துவிடுவார்கள். பாண்டிச்சேரியில் ரே மீக்கர், டெபரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் பொருள்களைப் பார்த்த பிறகு ஆசை இன்னும் முற்றியது. வீட்டில் பரண் நிறைந்து, கடையில் சிரப் அலமாரிக்கு மேலேயும் ஜாடிகள் ஏறின.

கொரோனா காலத்தில் பேரூராட்சிக்காரர்கள் தெருவெல்லாம் அடித்தார்களே, அந்த ஹைப்போ கரைசல், சோடியம் ஹைப்போகுளோரைட், அதைக் கேன் கேனாக வாங்கி விற்றேன். தொற்று ஓய்ந்ததும் சில கேன்கள் மீந்துவிட்டன. சும்மா இருக்கிறதே என்று, எண்ணெய்க் கறை ஏறிக் கறுத்த ஒரு ஜாடியை அதில் ராத்திரி ஊறப் போட்டேன். காலையில் பார்த்தால் பால் வெள்ளை. அப்புறம் இருந்த ஜாடி எல்லாவற்றையும் முக்கி எடுத்தேன். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. ஜாடி 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் வெந்தது. அந்தச் சூட்டில் மண் உருகி இறுகிவிடுகிறது. தண்ணீர் நுழைய இடம் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஊறுகாய் உப்பைத் தாங்குகிற பாண்டத்துக்கு ஹைப்போ எம்மாத்திரம்? இந்தக் காரணமெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. என் கைராசி என்று நினைத்தேன்.

பூச்சாடி கிடைத்தது திண்டிவனத்தில், ஒரு பழைய சாமான் கடையில். ஒரு முழ உயரம். அடியில் கறுப்புக்கு நெருங்கிய பழுப்பு, மேலே போகப் போகத் தேன் நிறமாகி, கழுத்தருகே மஞ்சள். அந்த மஞ்சளில் இரண்டு பூ, ஒரு மொட்டு. வரைந்ததற்கு மேல் கண்ணாடி போல மெருகு. கடைக்காரர், "தொரைமாருங்க ஊட்டு சாமான் சார்" என்றார். எல்லாக் கடைக்காரரும் எல்லாச் சாமானுக்கும் சொல்வதுதான். ஆனால் திண்டிவனத்தில் அந்தப் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்க ஆற்காடு மிஷனை ஸ்கடர் குடும்பத்தார் 1853-ல் தொடங்கினார்கள். ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போக, மூன்று பெண்களும் இறந்தார்களே, அது இந்தத் திண்டிவனத்தில்தான். அன்று மிஷன் பங்களாவில் இருந்த ஐடா ஸ்கடர்தான் பிறகு டாக்டருக்குப் படித்து வந்து வேலூர் ஆஸ்பத்திரியைக் கட்டினார். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த ஒரு பெட்டிக்குள் இந்தச் சாடியும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் அரைவட்டமாக ஆங்கில எழுத்து: லூவெல்சா, அதன் கீழே வெல்லர். ராத்திரி உட்கார்ந்து போனில் தேடினேன். அன்றைக்கு நான் தூங்கவில்லை.

ஓஹாயோ மாநிலம், ஜேன்ஸ்வில் ஊர். வெல்லர் என்பவர் அங்கே பெரிய மண்பாண்டத் தொழிற்சாலை நடத்தியவர். அதே மாநிலத்தில், சின்சினாட்டியில், மரியா லாங்வொர்த் நிக்கல்ஸ் என்ற பணக்கார வீட்டுப் பெண் 1880-ல் தொடங்கியது ரூக்வுட் என்ற பாண்டப் பட்டறை. இயந்திரம் துப்பும் சரக்கு வேண்டாம், கை செய்ததே அழகு என்று இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் கூட்டத்தார் கிளப்பிவிட்ட காற்று அமெரிக்காவில் வீசிய காலம் அது. 1889-ல் பாரிஸ் கண்காட்சியில் ரூக்வுட் தங்கப் பதக்கம் வாங்கியது. பழுப்பு மெல்ல மெல்ல மஞ்சளாகக் கரையும் அந்த மாயம் லாரா ஃபிரை என்ற பெண் கண்டுபிடித்தது; வண்ணக் குழம்பைத் தூரிகையால் தடவாமல் ஊதி அடிப்பது. வெல்லர் இதையெல்லாம் பார்த்தார். லாங், ஹன்டர், டே என்ற மூன்று பங்காளிகள் தங்கள் பெயரைத் துண்டு துண்டாகச் சேர்த்து லான்ஹூடா என்று ஒரு சின்னப் பட்டறை நடத்தி, அதே பழுப்புப் பாண்டம் செய்துகொண்டிருந்தார்கள். அதை வாங்கிப்போட்டுத் தொழில் ரகசியத்தைக் கற்றுக்கொண்டு, தன் மகள் லூயிஸ் பெயரோடு தன் பெயரையும் ஒட்டி லூவெல்சா என்று சந்தையில் இறக்கிவிட்டார். இயந்திரச் சரக்குக்கு எதிராகப் பிறந்த ஒரு கலையை ஆலையில் வைத்து ஆயிரக்கணக்கில் செய்து விற்ற மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வியாபாரி இல்லையா.

நம் ஆள் ஒருவருக்கும் அந்த மாரிஸ் கூட்டத்தோடு தொடர்பு உண்டு. ஈழத் தமிழர் சர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, சிங்களக் கைவினைகளைப் பற்றிய தன் பெரிய புத்தகத்தை மாரிஸின் அச்சகத்தில் ஓடிய அதே அச்சு இயந்திரத்தில் அடித்து 1908-ல் வெளியிட்டார். பிறகு பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கே போய்விட்டார்.

லூவெல்சா ஒன்றும் கோடி ரூபாய்ப் பொருள் அல்ல. ரூக்வுட்டோடு வைத்தால் தம்பிதான். எனக்கு அதுவே போதும். ஒரு குறைதான் உறுத்தியது. மெருகு முழுக்க நுணுக்கமான விரிசல். நூறு வருஷ அழுக்கு அதில் இறங்கி, மஞ்சள் பகுதியில் கறுப்பு வலையாகத் தெரிந்தது. உள்ளே தண்ணீர் நின்ற வெள்ளைக் கோடு வேறு.

ஊருக்கு வெளியே சூளை போடும் ஒரு பெரியவர் இருக்கிறார். பொங்கல் பானையும் கார்த்திகைக்கு அகலும் செய்வார். எனக்கு அண்ணன் முறை வைத்துத்தான் பேச்சு. பெருமைக்காகச் சாடியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் பூவைப் பார்க்கவே இல்லை. விரல் முட்டியால் தட்டினார். மந்தமாக ஒலித்தது. கவிழ்த்தார். விரலை நாக்கில் தொட்டு, அடியில் மெருகு பூசாத விளிம்பில் வைத்தார். ஈரம் பொட்டென்று உள்ளே போய்விட்டது.

"இது தண்ணி குடிக்கும் தம்பி. ஜாடி மாதிரி இல்ல. ஊற வெச்சிடாத" என்றார்.

"சரிண்ணே" என்றேன். வண்டியை எடுக்கும்போது மனதுக்குள் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: அகல் சுடுகிறவருக்கு ஓஹாயோவைப் பற்றி என்ன தெரியும்?

அன்று ராத்திரியே பிளாஸ்டிக் வாளியில் ஹைப்போவை ஊற்றிச் சாடியை மூழ்க வைத்தேன். காலையில் கறுப்பு வலை காணவில்லை. மஞ்சள் அப்படியே தங்கமாக ஜொலித்தது. வீட்டுக்காரிகூட, "பரவால்லியே" என்றாள்.

இத்தோடு நின்றிருந்தால் நஷ்டம் என்னோடு போயிருக்கும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சாடியைக் காட்டினேன். பிரஷர் மாத்திரைக்கு மாதா மாதம் வருகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கடை ஸ்டூலில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர். அடுத்த தடவை அவர் ஒரு மண் கூஜாவைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் செய்வார்களே, மெருகு பூசிய பாண்டம், அந்த வகை. பச்சை நிறம். அவர் அம்மா புழங்கியது. "கழுத்தாண்ட கறை போகவே மாட்டேங்குது, உங்க கையால பண்ணிக் குடுங்க சார்" என்றார். காசு வாங்காமல் பண்ணிக் கொடுத்தேன். துண்டில் சுற்றும்போது அவர் முகத்தைப் பார்த்து எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

மழைக்காலம் போயிற்று. மாசியில் வாத்தியார் கூஜாவோடு வந்தார். பச்சை மெருகு ரூபாய்க் காசளவில் அங்கங்கே பெயர்ந்து சிவப்பு மண் தெரிந்தது. "என்ன சார் இது?" என்றார். நான் கூஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மண்ணு மட்டம் சார். பழசு வேற. அதோட ஆயுசு அவ்ளோதான்" என்றேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். என் அமெரிக்கச் சாடிதான் அலமாரியில் கல்லு மாதிரி நிற்கிறதே.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் பாதி நாள் விடுமுறை. சாடியைத் துடைக்கலாம் என்று எடுத்தேன். மொட்டுக்குக் கீழே பஞ்சு ஒட்டியிருந்தது. ஊதினேன், போகவில்லை. துணியால் தொட்டேன். பஞ்சு நொறுங்கியது. அதோடு மெருகும் ஒரு சில்லாகக் கழன்று தரையில் விழுந்தது. விழுந்த சத்தம்கூட வரவில்லை, அவ்வளவு மெல்லிசு. மொட்டு இருந்த இடத்தில் வெறும் மண். விரலில் வெள்ளைப் பொடி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கோ பார்த்த பொடி. எங்கே? தலையை நிமிர்த்தினேன். அலமாரிக்குப் பின்னால் எங்கள் வீட்டுச் சுவர், முட்டி உயரம் வரைக்கும் காரை பொரிந்து, அதே வெள்ளைப் பஞ்சு பூத்து நின்றது. உவர் அடித்த சுவர். நான் பிறந்ததிலிருந்து அந்தச் சுவர் அப்படித்தான். எத்தனையோ கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போயும் அடுத்த கோடையில் உதிரும். விரலை நாக்கில் வைத்தேன். கரித்தது.

ஹைப்போ வேலை முடிந்ததும் எதாக மாறும் என்று டி.பார்ம் படித்த எனக்குப் பாடத்திலேயே இருந்தது: உப்பாக. சாதாரணச் சமையல் உப்பு. விரிசல் வழியாகவும் அடி வழியாகவும் சாடி அதைக் குடித்துவிட்டது. மேலே கழுவியதால் உள்ளே போனது வெளியே வரவில்லை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் கரைந்து கிடந்தது, வெயில் ஏறியதும் காய்ந்து படிகமாகிப் பருத்து, மேலே இருந்த கண்ணாடியை நெம்பிவிட்டது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எந்த உப்பு எத்தனை கிராம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். திண்ணையில் இருந்த குடிதண்ணீர்ப் பானைக்கு வெளியே வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்கு 4,500 ரூபாய் ஆனது.

நான் சாடியை நினைத்து வருந்தியது கொஞ்ச நேரம்தான். உடனே கூஜா ஞாபகம் வந்தது. மண்ணு மட்டம் என்று சொன்னது ஞாபகம் வந்தது.

வாத்தியார் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "உங்க அம்மாவோட கூஜா நல்லாதான் சார் இருந்துது. நான்தான் கெடுத்தேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பரவால்ல சார், வேணும்னா பண்ணீங்க?" என்றார். இப்போதும் மாதா மாதம் மாத்திரைக்கு வருகிறார். பில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஸ்டூல் காலியாகக் கிடக்கிறது.

சூளைக்காரப் பெரியவரிடம் போகத்தான் ரொம்பக் கூச்சமாக இருந்தது. சாடியைப் பார்த்ததும் அவர் திட்டவில்லை, சொன்னேனே என்று சொல்லிக்காட்டவும் இல்லை. "குடிச்சத வெளிய உடுது. நல்ல தண்ணில போட்டு வெய்யி. தண்ணிய மாத்திக்கினே இரு. எப்ப நாக்குக்குக் கரிக்கலியோ அப்ப எடுத்து நெழல்ல ஒணத்து" என்றார். பிறகு படித்துப் பார்த்தேன். அருங்காட்சியகங்களில் உப்பேறிய பாண்டங்களுக்கு அதே வைத்தியம்தான் செய்கிறார்கள். தண்ணீரை நாக்கால் பார்க்காமல் மீட்டர் வைத்து அளக்கிறார்கள், அவ்வளவுதான். கூஜாவையும் வாங்கி வந்து சாடியோடு சேர்த்து அப்படியே செய்தேன். உதிர்வது நின்றது. உதிர்ந்தது உதிர்ந்ததுதான்.

ஜாடி சுத்தம் செய்யும் யோசனையை என்னிடம் கேட்டுக்கொண்டு போனவர்கள் செஞ்சி, விக்கிரவாண்டி, விழுப்புரம் பக்கம் பல பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். நான் சொன்னதைக் கேட்டு மண் கூஜாவையோ, மெருகு பூசிய பூச்சாடியையோ, பொம்மையையோ ஹைப்போவில் முக்கியிருந்தால், வெயில் ஏறுவதற்குள் நல்ல தண்ணீரில் போட்டுவிடுங்கள். நம் ஊர் போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கிறது. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் பெட்ரோல் பங்கில் கேனில் கிடைக்கும். மெருகு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தால் நீங்களாகத் தொடாமல், விஷயம் தெரிந்த யாரிடமாவது காட்டிவிட்டுச் செய்யுங்கள். என்னிடம் கொண்டுவர வேண்டாம்.