நண்டின் பிடி

தூண்டில் என்றதும் முள்ளே நம் நினைவுக்கு வரும். ஆனால், கரையில் இருந்து நண்டு பிடிப்பவனின் நூலில் முள் இல்லை. தங்கூசி நூலின் நுனியில் ஒரு மீன் தலை. அது அமிழ்ந்து கிடப்பதற்கென ஒரு சிறு கல். அவ்வளவே. நண்டு தன் கொடுக்கினால் இரையைப் பற்றுகின்றது; பற்றியதை விட மனமின்றி அதனுடனேயே மேலே வருகின்றது. அதனைச் சிறைப்படுத்துவது நம் கருவியன்று, அதன் பிடியே.

ஊர்காவற்றுறையிற் பிறந்த எனக்கு இதனைக் கற்பித்தவர் என் அம்மான். ஊரார் ஜெற்றி என வழங்கும் இறங்குதுறையின் ஓரத்தில், எதிரே கடற்கோட்டை தெரிய, மாலை வேளைகளில் நாங்கள் இருவரும் அமர்ந்திருப்போம். நூல் சுட்டுவிரலின் மேற் கிடக்கும். அது சற்றே கனத்து ஒரு பக்கமாக நகருமாயின் நண்டு வந்துவிட்டது என்பது பொருள். "மெல்ல இழு, தம்பி. அவசரப்பட்டால் விட்டிடும்" என்பார். நீரைவிட்டு வெளிப்பட்டதும் நண்டு இரையைக் கைவிட்டு வீழ்ந்துவிடும். ஆதலின், அதற்கு முன்பே அத்தாங்கு என்னும் கைவலையை அதன் அடியிற் செலுத்துதல் வேண்டும்.

சங்கப் புலவர் நண்டை நன்கறிந்தவர்கள். நெய்தல் நில மகளிர் அலவனாட்டி விளையாடியமையை அவர்தம் பாடல்களிற் காண்கின்றோம். ஐங்குறுநூற்றிலே கள்வன் பத்து என ஒரு பகுதியே உண்டு. கள்வன் என்பது நண்டின் பெயர்களுள் ஒன்று. அம்மான் அந்நூல்களைக் கற்றவரல்லர். ஆயினும், பறியில் இடுமுன் ஒவ்வொரு நண்டையும் புரட்டிப் பார்ப்பார். வயிற்று மடல் ஒடுங்கியிருப்பின் ஆண், அகன்றிருப்பின் பெண். மடலின் கீழ்ச் சினை திரண்டிருப்பின் அதனை மீண்டும் கடலிலேயே விடுவார். ஒரு நீல நண்டின் சினையிற் பல இலட்சம் முட்டைகள் உண்டென்பதை நான் பின்னர் நூல்களிற் படித்தேன்.

நண்டுக்கு மற்றுமோர் இயல்பு உண்டு. பகை அதன் காலைப் பற்றுமாயின், அக்காலைத் தானே கழற்றிவிட்டுத் தப்பிச் செல்லும். பின்னர் ஓடு கழற்றும்போது அவ்விடத்திற் புதுக்கால் தோன்றும். முதலில் அது பழையதிலும் சிறிதாகவே இருக்கும்.

1990 ஆம் ஆண்டில் போர் தீவுப்பகுதியை எட்டியபோது எம்மவர் பலர் ஊரை நீங்கினர். அம்மானும் வீட்டையும் வள்ளத்தையும் விட்டு, ஒரு துணிமூட்டையுடன் யாழ்ப்பாண நகருக்கு வந்து சேர்ந்தார்.

"எல்லாத்தையும் விட்டிட்டு வந்திட்டியளே, அம்மான்?" என்று கேட்டேன்.

"காலைத்தானே விட்டனான், தம்பி" என்றார். அதன்பின் நெடுநேரம் அவர் பேசவில்லை.

உடும்புப்பிடியைப் புகழ்ந்து பழகியவர்கள் நாம். விட்டவனைக் கோழை என்கின்றோம். ஆனால், இரையை விடாத நண்டு பறிக்குட் போகின்றது. காலை விட்ட நண்டு கடலில் வாழ்கின்றது. எதனைப் பற்றுவது, எதனை விடுவது என்பதை ஒரு கணத்தில் தீர்மானிக்க வேண்டிய நிலை எம் தலைமுறைக்கு வாய்த்தது. விட்டுவந்தோரை எளிதில் பழிப்பவர், அவர் விட்டது தம் உடலின் ஒரு பகுதியை என்பதை எண்ணுவதில்லை.

அம்மான் பின்னர் குருநகரில் பிறர் வலைகளைப் பொத்திக் கொடுத்து வாழ்ந்தார். வள்ளம் வைத்திருந்தவருக்கு அது சிறிய தொழில்தான். எனினும், அச்சிறு காலைக்கொண்டே ஒரு குடும்பம் நடந்தது.