பதினைந்து வயதில் கண்டம்

சாதகம் பார்ப்பவர்கள் எங்கள் ஊரில் 'பிள்ளைக்கு இந்த வயதில் ஒரு கண்டம் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வயது கழியுமட்டும் தாய்மாருக்கு நித்திரை இராது. ரொறொன்ரோவில் பிறந்த என் மகள் அந்த யப்பானியப் பெயரைச் சொன்னபோதும் எனக்குக் 'கண்டம்' என்றுதான் கேட்டது. யப்பானியர் உச்சரிப்பும் கிட்டத்தட்ட அதுதானாம்.

அவள் வாங்கி வந்தது துண்டு துண்டாக வெட்டியெடுத்துப் பூட்டுகிற ஒரு பிளாஸ்ரிக் றோபோ. 1979 ஏப்ரலில் யப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய கண்டம் தொடர், பார்ப்பவர் குறைவென்று 43 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. 1980 யூலையில் பண்டாய் கொம்பனி அதில் வரும் போர் இயந்திரத்தை 144இல் ஒரு பங்கு அளவில், 300 யென்னுக்கு விற்கத் தொடங்கியது. பிள்ளைகள் கடைகளை மொய்த்தார்கள். நாற்பது வருடம் தாண்டியும் விற்பனை ஓயவில்லை.

அதற்குப் பெயின்ற் அடிக்க நான் மகளிடம் படிக்கிறேன். முதலில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து கழரவென்று தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப்பசை ஒட்டியிருந்தால் பெயின்ற் பிடிக்காது. பீங்கான் கழுவும் சவர்க்காரத்தில் அலசிக் காயவிட்டு, ஒவ்வொரு துண்டையும் மூங்கில் குச்சியில் மாட்டி, அட்டைப்பெட்டியில் குத்திவைப்போம். பல்கனியில் அது வெங்காயத் தறை மாதிரி நிற்கும். வடிகட்டி வைத்த முகமூடி போடாமல் என்னைக் கிட்டவும் விடமாட்டாள்.

ரின்னை ஒரு நிமிடமாவது குலுக்க வேண்டும். உள்ளே ஒரு குண்டு கடகடவென்று உருளும். சாம்பல் நிற அடிப்பூச்சு முதலில், அதன்மேல் வெள்ளை. இருபது முப்பது சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, துண்டுக்கு வெளியிலேயே அமத்தத் தொடங்கி, துண்டைக் கடந்து மறுபக்கம் போன பிறகுதான் விரலை எடுக்கலாம். துண்டின்மேல் கை தங்கினால் வழியும். தூரம் கூடினால் பெயின்ற் காற்றிலேயே காய்ந்து மணலாய் ஒட்டும். வெள்ளைதான் பொல்லாதது. முதற்பூச்சு எதையும் மூடாது. மூடிவிடவேண்டுமென்று கை துடிக்கும். "விடுங்கோ அப்பா, காயட்டும்" என்பாள். மெல்லிய பூச்சு, பொறுமை, திரும்பவும் மெல்லிய பூச்சு. யூலை மாதத்துப் புழுக்கத்தில் ரின்னையே தொடவிடமாட்டாள். ஈரக்காற்றில் அடித்தால் நீலமும் சிவப்பும் பால் படர்ந்த மாதிரி மங்கிவிடும்.

பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையில்தான் கதை சொல்வாள். அந்த இயந்திரத்துக்குள் இருப்பவன் அமுரோ. வயது பதினைந்து. இருந்த இடம் தாக்கப்பட, தகப்பன் உருவாக்கிய இயந்திரத்துக்குள் ஏறியவன். அவன் போகும் கப்பல் நிறைய அகதிகள். ஒருநாள் தாயைத் தேடிப் போகிறான். தாய் அகதி முகாமில். அவன் ஒரு சிப்பாயைச் சுடுவதைக் கண்டு அவள் பதறிப்போகிறாள். அவன் தாயோடு தங்கவில்லை. இராணுவ மரியாதை செலுத்திவிட்டுப் போகிறான்.

என்னோடு படித்தவர்களில் மூன்று பேரின் கதிரைகள் அந்த வயதில்தான் வெறுமையாயின. ஒருவன் ஓர் இரவு மட்டும் வீட்டுக்கு வந்தானாம். தாய் புட்டு அவித்துக் கொடுத்தா. சாப்பிட்டான், கை கழுவினான், முகத்தைப் பாராமலே போய்விட்டான் என்று அவ பிறகு சொன்னா.

வெள்ளை காய்ந்ததும் மகள் அடுத்த வேலையைச் சொன்னாள். சண்டைக்குப் போய்வந்த மாதிரி அதைப் பழுதாக்க வேண்டுமாம். கபிலப் பெயின்ற்றைப் பஞ்சால் ஒற்றினால் சுரண்டல், கரித்தூள் தேய்த்தால் புகை, சின்னத் துளைகருவியால் சன்னம் பட்ட ஓட்டை. இதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சண்டை என்றால் அழுக்கு என்பதையாவது அந்த ஓட்டைகள் சொல்கின்றன. பளபளக்கிற பொம்மை அதையும் சொல்லாது. என்றாலும் நாலு பூச்சு வெள்ளையைப் பார்க்க எனக்கு விட மனம் வரவில்லை.

அவள் காட்டிய படங்களில் ஓட்டைகள் எல்லாம் அளந்து வைத்த வட்டங்கள். "சுவரில பட்டா இப்பிடி வராது" என்றேன்.

"அப்ப எப்பிடி வரும்?"

போன வருடம்தான் பதினைந்தைக் கடந்தவள். இப்படியொரு கேள்வியை அவள் என்னிடம் கேட்டது அன்றுதான். நான் அட்டைப்பெட்டியைத் திருப்பி வைத்து எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரைக் கீறினேன். பிறகு கதவுநிலை. பிறகு சன்னம் வந்த திசை, சீமெந்து உதிர்ந்த அகலம். அவள் ரின்னைக் கீழே வைத்துவிட்டு, முகமூடியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள்.