மணி

பெரம்பலூரில் எங்கள் நாய்க்கு மணி என்று பெயர். அரியலூரில் அக்கா வீட்டு நாய்க்கும் அதே பெயர்தான். சுப்பிரமணிக்கும் மணிமேகலைக்கும் பொதுவான பெயர். எங்களுடையது பெண், அக்காவுடையது ஆண். 2007இல் மாவட்டம் பிரிந்துபோனாலும் அக்கா மாதம் ஒருமுறை மணியோடு வந்துவிடுவாள்.

முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கி நின்றால் ‘விளையாட வா’ என்று பொருள். அக்காவின் மணி உருவத்தில் இருமடங்கு. ஆனாலும் அவன்தான் மல்லாந்து விழுந்து தோற்றுக்கொடுப்பான். எதிராளி சலிக்காமல் விளையாட, பலசாலி தன் பலத்தைக் குறைத்துக்கொள்வது நாய்களின் விளையாட்டு நியாயம்.

மனிதர்களின் நியாயம் வேறு. பெண்குட்டி என்றால் சாக்கில் போட்டு ஏரிக்கரையில் விட்டுவிடுவார்கள். எங்கள் மணி அப்படிக் கிடைத்தவள். அவள் பருவத்துக்கு வந்ததும், “பொட்ட நாயைக் கட்டிப்போடுங்க மேடம்” என்றது தெரு. சுவரேறிக் குதித்த ஆண் நாய்களைக் கட்டச் சொல்லி யாரும் வரவில்லை. ‘பொட்டை’ என்ற சொல்லை என் மாணவிகளும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

நான் சங்கிலி வாங்கவில்லை. கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தோம். தையல் ஆறியதும் அவள் பழையபடி ஓடினாள்.

போன வாரம் வாசலில் இரண்டும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துக் கேட்டார்: “இதுல பொட்ட எது மேடம்?”

“மணி” என்றேன்.