வரி அடுக்குகளும் பத்தாம் வகுப்பும்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் உள்ள ‘அரசாங்கமும் வரிகளும்’ என்னும் பாடத்தை நடத்தும் ஆசிரியருக்குச் சட்டம் தடையாக இருப்பதில்லை. மாணவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவரும் ஒரு தவறான கணக்குதான் தடையாக நிற்கிறது. ஊதியம் சற்றே உயர்ந்து அடுத்த வரி அடுக்குக்குள், அதாவது கூடுதல் விகிதம் பொருந்தும் வருமான வரம்புக்குள், சென்றுவிட்டால் முழு வருமானத்துக்கும் அந்த விகிதத்திலேயே வரி கட்டவேண்டும், ஆகவே ஊதிய உயர்வே நட்டமாக முடியும் என்பது அந்தக் கணக்கு. ஊதியத்தில் பிடித்த வரிக்கான சான்றாகிய படிவம் 16-ஐ ஆண்டுதோறும் வாங்கும் பெரியவர்களிலும் பலர் இதை நம்புவதால், வகுப்பில் திருத்தப்பட்ட பிழை மாலையில் வீட்டில் மறுபடியும் உறுதிப்படுத்தப்பட்டு மறுநாள் திரும்பி வருகிறது.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அதற்கு மேல் 8 லட்சம் வரையிலான தொகைக்கு 5 சதவீதமும், 8 முதல் 12 லட்சம் வரையிலான தொகைக்கு 10 சதவீதமும், 12 முதல் 16 லட்சம் வரையிலான தொகைக்கு 15 சதவீதமும் எனப் படிப்படியாக உயர்ந்து, 24 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு 30 சதவீதமாகிறது. அனுபவமுள்ள ஆசிரியர் கரும்பலகையில் வரிசையாகக் குடங்களை வரைந்து, முதற்குடம் நிரம்பி வழிந்ததே அடுத்த குடத்துக்குப் போகிறது என்று காட்டுவார். வரிவிதிப்புக்குரிய வருமானம் 14 லட்சமானால் இரண்டாம் குடத்தில் 20,000, மூன்றாவதில் 40,000, நான்காவதில் விழும் 2 லட்சத்துக்கு 30,000 என மொத்தம் 90,000 ரூபாய் வரி வரும். கடைசி ரூபாய்க்குப் பொருந்தும் 15 சதவீதம் இறுதிநிலை வரிவிகிதம். முழு வருமானத்தோடு ஒப்பிட்டால் கிடைக்கும் ஏறத்தாழ 6.4 சதவீதம் சராசரி வரிவிகிதம். இவ்விரண்டையும் பிரித்தறிந்த மாணவருக்குப் பாடத்தின் பாதி கைவந்துவிட்டது.

ஆனால் சட்டத்திலுள்ள வரித் தள்ளுபடி இந்தத் தெளிவைக் குலைக்கிறது. அந்த நிதியாண்டுக்குப் பொருந்திய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவின்படி, மூலதன ஆதாயம் போன்ற தனி விகித வருமானங்கள் இல்லாமல், வரிவிதிப்புக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்குக் கணக்கிட்ட வரி, 60,000 ரூபாய் வரை, முழுவதும் தள்ளுபடியாகிறது. தாண்டியவருக்கோ அச்சலுகை இல்லை. அப்படியானால் 12,10,000 ரூபாய் பெறுபவர் 61,500 ரூபாய் கட்டி நட்டப்படுகிறாரே என்று கூர்மையான மாணவர் எவரேனும் கேட்பார். அந்தக் கேள்வி எழாத வகுப்பில் பாடம் நடந்ததாகவே கொள்ள இயலாது. வரம்பைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக்கூடாது என்னும் விளிம்புநிலை நிவாரணம் இங்கே செயல்பட்டு வரியை 10,000 ரூபாயாகக் குறைக்கிறது. அதன்மேல் 4 சதவீத சுகாதார, கல்வி மேல்வரியான 400 ரூபாய் மட்டுமே கையிலிருந்து கூடுதலாகப் போகிறது. இந்த இடத்தைக் கடக்க ஒரு பாடவேளை முழுவதும் வேண்டும், அவசரப்படுத்தினால் பழைய பிழையே வலுப்பெறும்.

அந்தப் பாடவேளைதான் இன்று கிடைப்பதில்லை. வரலாறு, புவியியல், குடிமையியல் ஆகியவற்றுக்குப் பின் பொருளியல் கடைசியாக வைக்கப்பட்டிருப்பதால், பொதுத்தேர்வு நெருங்கும்போது அதற்குரிய நேரம் கணக்குப் பாடத்துக்குக் கேட்கப்படுகிறது, பெரும்பாலும் தரப்பட்டும் விடுகிறது. மீதமுள்ள இடத்தை ஒரு மதிப்பெண் விடைகள் அடங்கிய கையேடுகளும், வரியை மிச்சப்படுத்தும் வழிகளை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட்டுப் போகும் நிதிக்கல்வி முகாம்களும் நிரப்புகின்றன. வரி எதற்காக வாங்கப்படுகிறது என்று அறியுமுன்பே அதைத் தவிர்க்கும் வழியைப் பதினைந்து வயதினருக்குக் கற்பிப்பது பொருளியலுக்குச் செய்யும் அவமதிப்பு. முற்காலத்து வகுப்புகளில் நேர்முக வரிக்கும் மறைமுக வரிக்கும் வேறுபாடு எழுதிய மாணவர், கடையில் பிஸ்கட் வாங்கும்போதே விலைக்குள் அடங்கிய விற்பனை வரியைத் தானும் செலுத்துவதை அறிந்திருந்தார். இப்போது வேறுபாட்டை எழுதுபவர்கூட வரி கட்டுவோர் வேறு யாரோ என்று எண்ணுகிறார்.

செலவுப் பக்கம் இன்னும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. மதிய உணவு யாருடைய பணம் என்று கேட்டால் ஒரு தலைவரின் பெயரே விடையாக வருகிறது. உண்மையில் அது வரிப்பணம். மத்திய அரசு வசூலிக்கும் வருமான வரி உள்ளிட்ட பகிரத்தக்க வரிகளில் 41 சதவீதத்தைப் பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அந்தப் பங்கில் தமிழ்நாட்டுக்கு அக்குழு வகுத்தது 4.079 சதவீதம். மேல்வரியும் கூடுதல் கட்டணமும் இப்பங்கீட்டில் சேரா. ஆகவே கல்வியின் பெயரால் வாங்கப்படும் அந்த 4 சதவீதமும் மாநிலங்களுக்குப் பகிரப்படுவதில்லை என்பதை மாணவர்கள் வியப்போடு கேட்கிறார்கள். 2025-26 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் வருமான வரி 22 காசு, கடன் 24 காசு. செல்லும் ரூபாயில் வட்டி மட்டும் 20 காசு. இந்த மூன்று எண்களும் மனத்தில் பதிந்தால் அரசின் செலவைப் பற்றிய விவாதத்தை மாணவர்களே தொடங்கிவிடுகிறார்கள்.

மாநில அரசின் வரவுசெலவுத் திட்ட உரை ஆண்டுதோறும் தமிழிலேயே வெளிவருகிறது. கையேட்டை ஒதுக்கிவிட்டு அவ்வுரையை வகுப்புக்கு எடுத்துச்செல்லுமாறு இளைய ஆசிரியர்களையும், பொருளியலுக்குரிய பாடவேளைகளை வேறு பாடத்துக்கு விட்டுக்கொடுக்காமல் காக்குமாறு தலைமையாசிரியர்களையும் கேட்டுக்கொள்வது இத்துறையில் காலம் கழித்தோரின் உரிமையாகும்.