5ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கோ

ஏ.எல். ரிசல்ட் வருகிற கிழமையில் எங்கட வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களைப் பார்த்திருப்பீங்கள். கிறிஸ்தவப் பெடியள், பெட்டையள் கனபேர் ஒரே வசனத்தைத்தான் போட்டிருப்பினம்: எரேமியா 29:11. கர்த்தர் எங்களுக்கு நல்ல எதிர்காலத்தைத்தான் நினைத்து வைத்திருக்கிறார் என்ற கருத்துள்ள வசனம். மெடிசின் கிடைத்தவரும் அதைத்தான் போடுவார், இசட் ஸ்கோர் காணாமல் போனவருக்கும் அதையேதான் அனுப்புவினம். ஆர்ட்ஸ் பெக்கல்ட்டிக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது ஒரு ஆன்ரி எனக்கும் அதைச் சொன்னா, செத்த வீட்டில ஆறுதல் சொல்லுற குரலில. நான் ஆசைப்பட்டுத்தான் ஆர்ட்ஸ் எடுத்தனான் என்பது அவவுக்குத் தெரியாது.

அந்த ஒரு வசனத்தைத் தனியாகப் பிடுங்கி எடுத்தால் அது வாழ்த்து மட்டை. அதிகாரத்தை முழுசா வாசித்தால் அது ஒரு கடிதம். எருசலேமில் இருந்த எரேமியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன சனத்துக்கு எழுதினது. அதுக்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருத்தர் வருகிறார். அவரும் கர்த்தருடைய பெயரில்தான் கதைக்கிறார். இரண்டு வருசத்துக்குள்ள எல்லாம் சரிவரும், போனவை திரும்பி வந்திடுவினம் என்கிறார். எரேமியாவோ 70 வருசம் என்கிறார். அதுவரைக்கும் அங்கேயே வீடு கட்டுங்கோ, தோட்டம் செய்யுங்கோ, கலியாணம் கட்டுங்கோ, நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கோ என்று எழுதுகிறார். இது 5ஆம் வசனத்தில் தொடங்குது. 11ஆம் வசனம் இவ்வளவுக்கும் பிறகுதான். கணக்குப் பார்த்தால், அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியாக்களில் அநேகம் பேர் திரும்ப ஊரைக் கண்டிருக்க மாட்டினம்.

இரண்டு பேரும் கர்த்தர் சொன்னார் என்றுதான் சொல்லுகினம். அப்ப கேட்கிறவர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சாமுவேலின் கதையை ஞாயிறு பாடசாலையில் நாங்கள் எல்லாரும் நடிச்சிருப்பம். மூன்று தரம் கூப்பிட்டும் அந்தப் பிள்ளைக்கு அது யாருடைய குரல் என்று விளங்கவில்லை. ஒவ்வொரு தரமும் ஏலியிட்டத்தான் ஓடுறான். கண் மங்கிப்போன அந்தக் கிழவர்தான் கடைசியில் இது கர்த்தர் என்று கண்டுபிடிக்கிறார். ஆனால் நாங்கள் நடிக்காமல் விட்ட பகுதி ஒன்று இருக்கு. சாமுவேல் கேட்ட செய்தி, ஏலியின் குடும்பத்துக்கு வரப்போகிற தண்டனை. விடிஞ்சபிறகு அதைச் சொல்ல அவன் பயப்படுகிறான்.

தேவ சத்தத்தைக் கேட்கிறது பற்றி யோசிக்கிறபோது எனக்கு இந்த இரண்டு கதையும் சேர்ந்துதான் வரும். தனியாக இருந்து கேட்டாலும் அதை இன்னொருத்தரிட்டக் கொண்டுபோய் விசாரிக்க வேண்டியிருக்கு. கேட்கிற பதில் எல்லாம் எனக்குப் பிடிச்ச மாதிரியே இருந்தால், அது பெரும்பாலும் என்ர குரலாத்தான் இருக்கும். அனனியா சொன்னதும் எல்லாருக்கும் பிடிச்சதுதானே.

திட்டத்தை நம்புகிறது என்றால் என்ன என்பதை நான் பிரசங்கத்தில் படிக்கவில்லை, அம்மம்மாவிட்டப் படிச்சன். என்ர மாமா 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். மீள்குடியேறி வந்து தகரக் கொட்டிலில் இருக்கேக்கையே அம்மம்மா நாலு தென்னம்பிள்ளை வைச்சவ. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கினபோது அவவும் போனவ. கந்தசுவாமி கோயிலடிக் கொட்டகையில், வேதப்புத்தகத்தை மடியில வைச்சுக்கொண்டு, மற்ற அம்மாக்களோட இருந்தவ.

ஒருநாள் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருத்தர், "இதுவும் கர்த்தருடைய சித்தம் அம்மா, இனி ஏற்றுக்கொள்ளுங்கோ" என்றார். அம்மம்மா கோபப்படவில்லை. "தம்பி, அவரின்ர சித்தம் எனக்குத் தெரியாது. ஆனா மனுசர் செய்ததை அவரின்ர தலையில போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போனா.

எங்களில் சிலருக்கு, கேள்வி கேட்டால் விசுவாசம் குறைஞ்சுபோகும் என்ற பயம் இருக்கு. 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கோ. அது முறைப்பாட்டில் தொடங்கி இருளிலேயே முடியுது. கடைசியில் ஒரு ஸ்தோத்திர வரிகூட இல்லை. அதைத் தொகுத்தவை வெட்டி எறியவில்லை, வேதத்துக்குள்ளேயே வைச்சிருக்கினம். கெத்செமனேயில் இயேசுவும் முதல்ல அந்தப் பாத்திரம் நீங்கவேணும் என்றுதான் கேட்டார். பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தது அதைக் கேட்டபிறகுதான்.

அம்மம்மா இண்டைக்கும் இரவு ஜெபத்தில் மாமாவின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறா. பதில் வரவில்லை. தென்னைகள் காய்க்குது. எங்கட வீட்டுக் கறிக்கு அந்தத் தேங்காய்தான்.

அதனால உங்களிட்ட ஒன்று கேட்கிறன். ஆஸ்பத்திரியிலோ செத்த வீட்டிலோ ஒருத்தருக்குப் பக்கத்தில் இருக்கேக்க, "எல்லாம் தேவ திட்டம்" என்று உடனே சொல்லாமல் கொஞ்சநேரம் அவை சொல்லுறதைக் கேளுங்கோ. வசனம் ஏதும் வாசிக்கத்தான் வேணும் என்றால், 5ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கோ.