பதினாலு கோடிப் பையன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. மார்கழிப் பனியில் காலை நடைக்கு மருமகள் தடை போட்டுவிட்டாள். அந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதியது.

மார்கழி முதல் நாள், டிசம்பர் 16, அபுதாபியில் ஐ.பி.எல். ஏலம் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன் பையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். நம் சென்னை அணி 2025-ல் பத்து அணிகளில் பத்தாவதாக வந்த கதை உங்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியிருந்தார்கள். கையில் இருந்தது 43.40 கோடி. பெரிய பெயராக யாராவது வருவார்கள் என்று காத்திருந்தோம்.

வந்தது இரண்டு பையன்கள். உத்தரப்பிரதேசத்தின் பிரசாந்த் வீர், வயது 20, இடதுகைச் சுழல், மட்டையும் பிடிப்பான். ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, வயது 19, விக்கெட் கீப்பர். இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். ஏறி ஏறி ஆளுக்கு 14.20 கோடியில் நின்றது. இந்தியாவுக்கு ஆடாத ஒருவருக்கு அதற்குமுன் கொடுத்த அதிக விலை, 2022-ல் ஆவேஷ் கானுக்கு லக்னோ கொடுத்த 10 கோடிதான். இவர்கள் அதுவரை ஐ.பி.எல்.லில்கூட ஒரு மேட்ச் ஆடியிருக்கவில்லை.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அன்று ராத்திரி நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஜடேஜா இடத்துக்கு ஆள் ரெடி என்று ஒருவன். 2021-ல் கௌதமை 9.25 கோடிக்கு எடுத்து ஒரு மேட்ச்கூட ஆடவிடாமல் உட்கார வைத்ததை ஞாபகப்படுத்தினான் இன்னொருவன். போன சீசனில் 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 94 அடித்ததைச் சொல்லி வயதைப் பார்க்காதே என்றாள் ஒரு பெண் (அவள் இப்போது கடலூரில் கணக்கு டீச்சர்). யாருமே அந்தப் பையன்கள் ஆடிப் பார்த்ததில்லை. யூடியூபில் இரண்டு நிமிட வீடியோ பார்த்துவிட்டு மார்க் போட்டோம். நானும் போட்டேன். "14 கோடிக்கு இவனா? ரெண்டு மேட்ச்ல சாயம் வெளுத்துடும்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மையும் சேர்த்து அனுப்பினேன். நாற்பது பேர் கைதட்டினீர்கள். அறுபத்தெட்டு வயதில் அது எனக்குப் பிடித்திருந்தது.

இரவு பத்தரைக்கு ஒரு போன். உங்களில் பலருக்கு அவனைத் தெரியும். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். வடலூரில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான்.

"சார், அந்தப் பையன் போனுக்கும் இதெல்லாம் போகும்ல?" என்றான்.

"எல்லாரும்தாண்டா பேசறாங்க" என்றேன்.

"எல்லாரும் பேசட்டும் சார். நீங்க பேசாதீங்க."

அதற்குமேல் அவன் சொன்னதை எழுதுமுன் 1996-ஐச் சொல்ல வேண்டும்.

அப்போது பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் பணியிடம் இரண்டு வருடம் காலியாக இருந்தது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு வந்த இடைநிலை ஆசிரியன் நான். கிரிக்கெட் பார்ப்பான், ரேடியோவில் ஸ்கோர் கேட்பான் என்பதற்காக விளையாட்டு பீரியடும் என் தலையில் விழுந்தது. இவன் எட்டாம் வகுப்பு, வயது பதிமூன்று. அந்த வயதுக்கு நல்ல உயரம். ஓடிவந்து போட்டால் பந்து கீப்பர் தலைக்குமேல் போகும். பத்துப் பதினைந்து பந்துதான் பார்த்தேன். அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நிறுத்தி, "இன்னும் அஞ்சு வருஷத்துல உங்க பையன் பேரு பேப்பர்ல வரும், எழுதி வச்சுக்குங்க" என்றேன். மறுநாள் பிரேயரில் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னேன். அன்றிலிருந்து பையன்கள் அவனுக்கு வைத்த பெயர் 'பேப்பர்'. நீங்களும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். நானும் இரண்டொரு முறை கூப்பிட்டிருக்கிறேன்.

அப்பா சொசைட்டியில் லோன் போட்டு ஷூவும் கிட்டும் வாங்கிக் கொடுத்தார். மாவட்டத் தேர்வுக்குக் கடலூருக்கு மூன்று முறை போனான். முதல் முறை நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். மூன்று முறையும் எடுக்கவில்லை. மற்ற பையன்களும் வளர்ந்துவிட்டார்கள், இவன் உயரம் அப்படியே நின்றுவிட்டது, அவ்வளவுதான் விஷயம். பத்தாம் வகுப்பில் கணக்கில் போய்விட்டது. அதற்குள் எனக்கு வேறு வகுப்பு, வேறு பிள்ளைகள். அவன் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

போனில் அவன் சொன்னது இது: "எடுக்காதது பெரிசில்ல சார். ஆனா எங்கப்பா அஞ்சாறு வருஷம் பேப்பரைக் கடைசிப் பக்கத்துலேர்ந்துதான் படிச்சாரு. நான் ஆடுறத விட்ட அப்புறமும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. "சாப்பிட்டியாடா" என்று கேட்டேன். வேறென்ன கேட்க.

டல்லாஸில் இருக்கும் என் தங்கை மகன் பேஸ்பால் பைத்தியம். மறுநாள் வீடியோ காலில் அவனிடம் இதைச் சொன்னேன். "மாமா, இங்க இது வருஷா வருஷம் நடக்குது" என்றான். 1965 முதல் அங்கே ஏலத்துக்குப் பதிலாக வரிசைத் தேர்வு. பள்ளி, கல்லூரிப் பையன்களை ஒவ்வொரு அணியும் முறைவைத்துக் கூப்பிடும். ரசிகர்கள் மறுநாளே மார்க் போட்டுவிடுவார்களாம். 1991-ல் முதல் ஆளாக நியூயார்க் யாங்கீஸ் எடுத்தது பிரையன் டெய்லர் என்ற பள்ளிப் பையனை. 15 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் ஒரு கைகலப்பில் தோள் போயிற்று. மேல்நிலைப் போட்டியில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. 1988-ல் 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக, தெரிந்தவர் பையன் என்ற தயவில் எடுக்கப்பட்ட மைக் பியாஸா 2016-ல் அவர்களுடைய புகழ் மண்டபத்தில் ஏறினார். ஒன்று மட்டும் அங்கே நல்லது: எடுத்த பையனைப் பெரும்பாலும் சில வருடம் கீழ்நிலை அணிகளில் ஆடவிட்டுத்தான் மேலே கொண்டுவருவார்கள். நம் ஊரில் டிசம்பரில் எடுத்தால் அடுத்த சீசனிலேயே சேப்பாக்கத்தில் நிற்க வேண்டும்.

நம்மிடமும் அப்படி ஒரு வரிசைத் தேர்வு நடந்தது, மறந்திருப்போம். 2008-ல் மலேசியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஜெயித்து வந்த பையன்களை ஐ.பி.எல். அணிகள் பங்கிட்டுக்கொண்டன. டெல்லி தன் ஊர்ப் பையன் விராட் கோலியை விட்டுவிட்டு வேகப்பந்துக்காரர் பிரதீப் சாங்வானை எடுத்தது. மட்டைக்கு ஆள் நிறைய இருக்கிறது, பந்துக்குத்தான் வேண்டும் என்பது கணக்கு. அன்றைக்கு அது முட்டாள்தனமான கணக்கு இல்லை. கோலி பெங்களூருக்குப் போனார்.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் 10 லட்சத்தில் தொடங்கிப் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. 6 மேட்ச், 2 விக்கெட். அப்போதும் நாம் சிரித்தோம். 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது, இரண்டு சீசன் ஒரு மேட்ச்கூட இல்லை. 2020-ல் அவர் போட்ட யார்க்கர்களையும், அந்த ஆஸ்திரேலியப் பயணத்திலேயே மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியத் தொப்பி வாங்கியதையும் பார்த்தோம். நடுவில் அந்த இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவர் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

முப்பது வருடத்துக்குமேல் சாக்பீஸ் பிடித்தவன். ஜூன் முதல் வாரத்திலேயே இவன் தேறுவான், இவள் டாக்டர் என்று சொல்லிவிடுவேன், பெற்றோர்களும் ஆசையாகக் கேட்பார்கள். பலித்தவர்கள் இனிப்போடு வந்து சொன்னார்கள், அதனால் என் கணிப்பு நல்ல கணிப்பு என்றே நினைத்துக்கொண்டேன். பலிக்காதவர்கள் எந்தத் தெருவில் திரும்பிப் போனார்கள் என்று பார்க்கவில்லை. உங்களில் யாருக்காவது நான் அப்படி ஏதாவது சொல்லி, அது வீட்டில் சுமையாகக் கிடந்திருந்தால், எனக்குத் தனியாக எழுதுங்கள். திட்டியே எழுதலாம்.

குழுவில் போட்ட அந்த வரியை அன்று ராத்திரியே அழித்துவிட்டேன். "எல்லாரும் பாத்துட்டாங்க தாத்தா" என்றான் பேரன்.

போன ஞாயிற்றுக்கிழமை வடலூர் போய் அவன் அப்பாவைப் பார்த்தேன். ரிட்டையர்டாகி மகனோடுதான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். நான் மன்னிப்பு என்று தொடங்கியதை அவர் சரியாகக் கேட்கவில்லை. "நீங்க அன்னிக்கு வாசல்ல வந்து சொன்னீங்களே சார், அப்படி யாரும் எங்க வீட்டுக்கு வந்து சொன்னதில்ல" என்றார். காபி வந்தது. மகன் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மார்ச்சில் நம் வீட்டு ஏசி சர்வீசுக்கு அவன்தான் வருகிறான். அன்றைக்கு சென்னை மேட்ச் இருந்தால் இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். அந்த ரெண்டு பையன்களில் ஒருவனாவது இறங்கினால் பார்க்கிறேன் சார் என்றிருக்கிறான்.